கல்லமேட்டுப் பல்லும் நம் கடமையும்

(உத்தனப்பள்ளியில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

மொழியைப் பற்றியே பெரிதும் பேசப்பெறும் இம்மேடையில், இன்று எலும்பைப் பற்றியும் பல்லைப் பற்றியும் பேச வந்துள்ளேன். "எலும்புக்கும் தமிழுக்கும் என்ன உறவு?" என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். எந்த மொழியில் உலகத்து அறிவெல்லாம் பேசப்பெறுகின்றதோ அந்த மொழியே வாழும். வாழ்த்துப் பாவுக்கும் மேடை முழக்கத்திற்கும் மட்டும் ஒதுக்கப்பெற்ற மொழி நாளடைவில் காட்சிப் பொருளாகிவிடும். கோடிக் கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்களின் எலும்பைத் தமிழில் படிக்க முடியுமா? முடியும். அதனைக் காட்டுவது இவ்வுரையின் முதல் நோக்கம். அவ்வாறு படிக்கையில் நாம் கொள்ள வேண்டிய பெருமை எது, தள்ள வேண்டிய பெருமை எது என்று தெளிவது இரண்டாவது நோக்கம்.

கல்லில் எழுத்து

இராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் இடையில் அமைந்த இவ்வூரைச் சூழ்ந்துள்ள பாறைகள் மிக முதியவை. கிருட்டிணகிரிப் பகுதியின் அடித்தளப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு அகவையுடையவை. அவை நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருமாறிப் பின் மேலெழுந்தவை. அவை உருவான காலத்தில் எலும்புடைய உயிர் ஒன்றுகூட இவ்வுலகில் தோன்றியிருக்கவில்லை. ஆகவே, இங்குள்ள கல்லை எத்தனை ஆழம் அறுத்தாலும் அதற்குள் எலும்போ பல்லோ கிடைக்காது.

ஆனால் கல்லைப் படிக்கும் பழக்கம் இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. ஊர்தோறும் நடுகற்கள் நிற்கின்றன. ஆனிரை மீட்டு வீழ்ந்த மறவனின் உருவத்தையும், அவன் ஏந்திய வில்லையும் வாளையும் பார்த்து, அவன் யார், எதற்காக மாய்ந்தான் என்று நாம் அறிந்துகொள்கின்றோம். நடுகல்லில் மாந்தன் கை எழுதியது. நான் கூறப்போகும் கற்களில் இயற்கையே எழுதியது. படிக்கும் முறை இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே: உள்ளதைப் பார்த்தல், பார்த்ததை ஒப்பிடல், இல்லாததை ஏற்றிச் சொல்லாதிருத்தல்.

இயற்கை எழுதிய அக்கற்களைக் காணவேண்டின் நாம் இங்கிருந்து தென்கிழக்கே சென்று அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை அடைய வேண்டும். இன்று முந்திரியும் பருத்தியும் விளையும் அந்நிலத்தின் மீது ஒருகாலத்தில் கடல் அலை புரண்டது. கடலடியில் படிந்த சேறும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காய் இறுகிப் பாறையாயின. 1862ஆம் ஆண்டு என்றி பிளான்போர்டு என்னும் ஆங்கில நிலவியலார் அவ்வடுக்குகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என நம் ஊர்ப் பெயர்களையே அவற்றிற்கு இட்டார். உலகெங்கும் உள்ள நிலவியலார் இன்றும் அப்பெயர்களைச் சொல்கின்றனர். நம் ஊர்ப் பெயர் உலக அறிவியலில் நிலைத்திருப்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

அப்பாறைகள் உருவான ஊழியை மேலைநாட்டார் 'கிரெட்டேசியசு' என்பர். 'கிரேட்டா' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சுண்ணம் என்பது பொருள். எனவே, நாம் அதனைச் சுண்ணக் காலம் எனலாம். ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது.

அக்காலத்து நிலத்தை ஆண்ட விலங்கினத்திற்கு 1842ஆம் ஆண்டில் இரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில அறிஞர், 'அஞ்சத்தக்க பல்லி' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்துப் பெயரிட்டார். அதனையே தைனோசர் என்கின்றோம். தமிழில் அதற்குத் 'தொன்மா' என்னும் பெயர் வழங்குகின்றது. மா என்பது விலங்கு; தொன்மையான மா தொன்மா. ஓவன் இட்ட பெயரைவிட இது பொருந்துவதாகவே எனக்குத் தோன்றுகின்றது. ஏனெனில், அவை பல்லியும் அல்ல. அவற்றுள் பல அஞ்சத்தக்கனவும் அல்ல. கோழியளவே இருந்த தொன்மாக்களும் உண்டு.

எலும்பு சொல்வது

இறந்த விலங்கின் தசை அழுகும், தோல் அழியும். சேற்றில் விரைந்து புதையுண்டால் எலும்பும் பல்லும் எஞ்சும். நிலத்தடி நீரில் கரைந்துள்ள கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளில் படியப் படிய அது கல்லின் எடையைப் பெறுகின்றது. உருவம் மாறுவதில்லை. இதுவே புதைபடிவம்.

அப்புதைபடிவம் என்ன சொல்கின்றது? இடுப்பெலும்பின் குழியையும் தொடையெலும்பின் தலையையும் பொருத்திப் பார்த்தால், அவ்விலங்கு ஓணானைப்போல் கால்களைப் பக்கவாட்டில் விரித்து ஊர்ந்ததா, யானையைப்போல் உடலுக்கு நேர் கீழே கால்களை ஊன்றி நடந்ததா என்பது தெரியும். தொன்மாக்கள் யானையைப்போல் கால் ஊன்றியவை. எலும்பை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் அகவை வளையங்களைப் போன்ற வளர்ச்சிக் கோடுகள் தெரியும். அவற்றை எண்ணி அவ்விலங்கு எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்று கணிக்கலாம். குருதிக் குழாய்கள் ஓடிய துளைகள் நெருங்கியிருந்தால் அது விரைந்து வளர்ந்தது என்று பொருள். முள்ளெலும்பில் காற்றறைகள் இருந்தால் அதன் மூச்சு முறை பறவையினதை ஒத்திருந்தது என்று பொருள். உடைந்து பொருந்திய எலும்பைக் கண்டால், அடிபட்டும் பல நாள் உயிர் வாழ்ந்தது என்று பொருள். ஓர் எலும்பில் ஒரு வாழ்க்கையே அடங்கிக் கிடக்கின்றது.

பல் சொல்வது

எலும்பினும் பல் மிகுதியாகப் பேசும். பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பு முழுதும் மக்கிய இடத்திலும் பல் எஞ்சியிருக்கும். ஊனுண்ணும் தொன்மாவின் பல் கத்திபோல் தட்டையாய், வளைந்து, விளிம்பில் அரம்போன்ற நுண்பற்களை உடையதாய் இருக்கும். தழையுண்ணும் நெடுங்கழுத்துத் தொன்மாவின் பல் முளைக்குச்சிபோல் இருக்கும். அது மெல்லாது, தழையை உருவி அப்படியே விழுங்கும்.

தொன்மாவின் வாயில் பல் விழ விழ வாழ்நாள் முழுதும் புதுப்பல் முளைத்துக்கொண்டே இருந்தது. பல்லின் உள்ளே நாள்தோறும் படிந்த நுண்கோடுகளை எண்ணிய ஆய்வாளர்கள், திப்ளோதோக்கசு என்னும் நெடுங்கழுத்துத் தொன்மாவிற்கு ஏறத்தாழ 35 நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வோர் இடத்திலும் புதுப்பல் வந்தது என 2013ஆம் ஆண்டில் கணக்கிட்டனர்.

பாலூட்டிகளாகிய நமக்கோ பல் இருமுறையே முளைக்கின்றது: முதலில் பாற்பல், பின்னர் நிலைப்பல். தாயின் பாலை உண்டு வளரும் குழவிக்குத் தொடக்கத்தில் பல் தேவையில்லை. தாடை ஓரளவு வளர்ந்த பின்பே முளைத்தாற் போதும். ஆகவே, இருமுறை முளைக்கும் பல்லைக் கல்லில் கண்டால், அங்கே ஒரு தாய் தன் குட்டிக்குப் பால் ஊட்டினாள் என்று அறிஞர் உய்த்துணர்கின்றனர். பால் கல்லாவதில்லை, ஆனால் தாய்மையின் தடம் கல்லாகி நிற்கின்றது!

மேலும், பாலூட்டியின் வாயில் எல்லாப் பல்லும் ஒரே வகையினவல்ல. வெட்டும் பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், கடைவாய்ப்பல் எனத் தொழிலுக்கேற்ப அவை பிரிந்துள்ளன. மேற்கடைவாய்ப் பல்லின் மேடும் கீழ்க்கடைவாய்ப் பல்லின் பள்ளமும் அம்மியும் குழவியும்போல் பொருந்தி அரைக்கின்றன. அப்பொருத்தம் ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தன்மை உடையது. அதனாலேயே ஒரே ஒரு கடைவாய்ப் பல்லைக்கொண்டு பாலூட்டியின் இனத்தை அறிஞர்கள் கூறிவிடுகின்றனர்.

தாடையும் பேசும். ஊர்வனவற்றின் கீழ்த்தாடை பல எலும்புகளின் சேர்க்கை. பாலூட்டியின் கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் ஒரே எலும்புதான். பழைய தாடை மூட்டில் இருந்த எலும்புகள் எங்கே போயின? அவை படிப்படியாகச் சிறுத்து, நடுச்செவிக்குள் புகுந்து, சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் மாறின. இதோ, நான் பேசுவதை நீங்கள் கேட்கின்றீர்களே, அந்தச் செவியில் அதிரும் எலும்புகள் ஒருகாலத்தில் உங்கள் தொன்முன்னோடியின் தாடையில் உணவைக் கடிக்க உதவியவை! இவ்வுண்மையையும் அறிஞர் அறிந்தது புதைபடிவங்களிலிருந்தும் கருவின் வளர்ச்சியிலிருந்துமே.

பல்லின் வேதிக் கூறும் ஒரு சான்று. தன்சானியாவிலும் அமெரிக்காவிலும் கிடைத்த நெடுங்கழுத்துத் தொன்மாப் பற்களின் எனாமலை ஆராய்ந்தோர், அவ்விலங்குகளின் உடல் வெப்பம் ஏறத்தாழ 36 முதல் 38 பாகை செல்சியசு என்று 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர். 15 கோடி ஆண்டுக்கு முன் மறைந்த உயிரின் உடற்சூட்டை ஒரு பல் காத்து வைத்திருந்தது!

கல்லமேடு தரும் மூன்று பாடங்கள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு என்று ஓர் ஊர் உள்ளது. சுண்ணக் காலத்தின் இறுதிக் கட்டத்தில் ஆறுகள் கொணர்ந்து சேர்த்த படிவுகள் அங்கே காணப்படுகின்றன. அரியலூர்ப் பாறைகளிலிருந்து எலும்புத் துண்டுகளையும் ஊனுண்ணித் தொன்மா ஒன்றின் பல்லையும் பிளான்போர்டு 1862ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தார். சார்லசு மேட்லி என்னும் அறிஞர் 1929ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத் தொன்மாக்களைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் பின்னர் அங்கு நிகழ்ந்த மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதற்செய்தி ஓர் இழப்பு. இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சார்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவரும் கல்லமேட்டில் பேரளவான எலும்புகளைக் கண்டனர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கணைக்கால் எலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவை அவை. கணைக்கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம்! நன்கு வளர்ந்த மாந்தன் ஒருவன் நிமிர்ந்து நின்றாலும் அதன் உயரத்தை எட்டமாட்டான். 1980களின் இறுதியில் அவர்கள் அதற்குப் 'புருகத்காயோசாரசு மேட்லியி' என்று பெயரிட்டனர். பேருடல் பல்லி என்பது அதன் பொருள். தொடக்கத்தில் அதனை ஊனுண்ணி எனக் கருதினர். 1995ஆம் ஆண்டில் சங்கர் சாட்டர்சி என்னும் அறிஞர் அது தழையுண்ணும் நெடுங்கழுத்துத் தொன்மா என்று திருத்தினார். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பீடு அதன் எடையை ஏறத்தாழ 110 முதல் 130 தொன் வரை எனக் கணிக்கின்றது. அம்மதிப்பீடு சரியாயின், நிலத்தில் நடந்த உயிர்களுள் அதுவே மிகப் பெரிது. அது நடந்த மண் நம் மண்.

அவ்வெலும்பு இன்று எங்கே? இல்லை! களிமண் நிலத்தில், மழைநீரில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் நலிந்திருந்த அவ்வெலும்பு, ஆய்வகம் போய்ச் சேருமுன்பே சிதைந்து பொடியாயிற்று. அக்கண்டுபிடிப்பில் பங்குகொண்ட அய்யாசாமியே பின்னர் இதனை எழுதினார். எஞ்சியவை சில வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. உலகத்து அறிஞர்களுள் சிலர், "அது எலும்பா, அன்றிக் கல்லான மரமா?" என்றுகூட ஐயுற்றனர். அவ்வையம் முற்றிலும் கரணியமற்றது என்று சொல்லிவிட முடியாது. அதே வட்டாரத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. 2022ஆம் ஆண்டில் பழைய ஒளிப்படங்கள் சிலவற்றை அய்யாசாமியும் மற்றோர் ஆய்வாளரும் வெளியிட்ட பின்னரே அவ்வையம் பெரிதும் தணிந்தது. ஆயினும், ஒளிப்படத்தை அளக்கலாம். அறுத்துப் பார்க்க முடியாது. உலகின் மிகப் பெரிய விலங்கு எம் நாட்டில் வாழ்ந்தது என்று சொல்ல நமக்கு வாய் இருக்கின்றது. காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. இது முதற்பாடம்: கண்டெடுப்பது பாதி வேலை, காப்பது மறுபாதி.

இரண்டாஞ்செய்தி ஒரு பெயர். அவ்விருவருமே, அரியலூருக்கு மேற்கே, கல்லமேட்டுப் படிவினும் முந்திய கடற்படிவுப் பாறையில் கிடைத்த சில எலும்புகளை ஆராய்ந்து, முதுகில் தகடுகளையுடைய தொன்மா இனத்தைச் சார்ந்தவை அவை என முடிவு செய்து, 1979ஆம் ஆண்டில் 'திராவிடோசாரசு பிளான்போர்தி' என்று பெயரிட்டனர். திராவிட நாட்டுத் தொன்மா! பெயரைக் கேட்டவுடனேயே நம்மவர் நெஞ்சம் விம்முவது இயல்பே. ஆனால் 1996ஆம் ஆண்டில் சாட்டர்சியும் அவருடன் ஆய்ந்தவரும் அவ்வெலும்புகளை மீண்டும் பார்த்து, அவை தொன்மாவின் எலும்புகளே அல்ல, கடலில் நீந்திய பிளீசியோசர் என்னும் ஊர்வனத்தின் இடுப்பும் பின்காலுமாகும் என்றனர். அக்கருத்தை மறுப்பவரும் உளர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்? "எம் இனப்பெயர் தாங்கிய தொன்மாவை மறுப்பதா!" என்று கொதித்தெழுவதா? அன்று, அன்பர்களே. ஒரு விலங்கிற்கு நம் பெயரை இட்டதால் நமக்கு உயர்வில்லை. அப்பெயரை அறிவியலார் நீக்கிவிட்டாலும் நமக்குத் தாழ்வில்லை. கடற்பாறையில் கிடைத்த எலும்பு நிலவிலங்கினுடையதா, கடல்விலங்கினுடையதா என்பதை எலும்பின் வடிவம் முடிவு செய்யட்டும்; நம் விருப்பம் முடிவு செய்ய வேண்டா. இது இரண்டாம் பாடம்.

மூன்றாஞ்செய்தி ஒரு பல். கல்லமேட்டுப் படிவில் ஆய்ந்த அஞ்சலி கோசுவாமி, பேராசிரியர் பிரசாத்து, ஓம்கார் வர்மா முதலியோர் அங்கே கிடைத்த சிறுபல் ஒன்றைப் பற்றி 2013ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். அது திரூதோந்து என்னும் சிறிய தொன்மா இனத்தைச் சார்ந்தது. பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவுடைய அவ்வினம், அதுவரை வட அமெரிக்கா, ஆசியாவின் வடபகுதி முதலிய வடபாற் பெருநிலங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. தென்பாற் பெருநிலங்களில் அதன் தடம் இல்லையென்றே எண்ணியிருந்தனர். கல்லமேட்டுப் பல் அவ்வெண்ணத்தை மாற்றியது. அவ்வினம் வாழ்ந்த எல்லையை ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் விரித்தது.

2 மீட்டர் எலும்பு செய்ய முடியாததை ஒரு சிறுபல் செய்தது. ஏன்? அப்பல் காக்கப்பட்டது, அளக்கப்பட்டது, உலகின் பிற பற்களோடு ஒப்பிடப்பட்டது, எவரும் மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி வைக்கப்பட்டது. எலும்பின் பெருமை அதன் நீளத்தில் இல்லை; அதனைக் காத்துப் படிப்பவரின் நேர்மையில் இருக்கின்றது. இதுவே மூன்றாம் பாடம். இவ்வுரையின் உயிர்நாடியும் இதுவே.

தொன்மாவின் நிழலில் பாலூட்டி

தொன்மாக்கள் அழிந்த பின்னரே பாலூட்டிகள் தோன்றின என்று பலரும் எண்ணுகின்றனர். அது பிழை. தொன்மாக்கள் வாழ்ந்த காலமெல்லாம் அவற்றின் காலடியில் சிறுசிறு பாலூட்டிகளும் வாழ்ந்தே வந்தன. தெலங்கானாவில் நசுக்கல் என்னும் ஊரில், தக்கணத்து எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கிடையே படிந்த மண்ணைச் சலித்து, கடுகளவான பற்களைப் பிரசாத்தும் அசோக்கு சகானியும் எடுத்தனர். 1988ஆம் ஆண்டில் அவர்கள் அதனை அறிவித்தபோது, இந்தியாவில் கிடைத்த முதல் சுண்ணக் காலப் பாலூட்டி என உலகம் அதனை வரவேற்றது. 'தெக்கனோலெசுதெசு' என்பது அதன் பெயர். மூஞ்சூறளவே இருந்த உயிர் அது. கூரிய மேடுகளையுடைய அதன் கடைவாய்ப் பற்கள், அது பூச்சிகளை நொறுக்கித் தின்றதைச் சொல்கின்றன. 1994ஆம் ஆண்டில் ஆராயப்பட்ட அதன் கணுக்கால் எலும்புகளோ, பாதத்தைத் திருப்பி மரமேறும் திறன் அதற்கு இருந்ததைச் சொல்கின்றன. பேருடல் தொன்மாக்கள் நிலம் அதிர நடக்க, மேலே கிளையில் அமர்ந்து பூச்சி பிடித்தது அச்சிற்றுயிர்.

இன்னொரு பல்லின் செய்தியும் கேளுங்கள். அக்காலத்து இந்தியாவில் வாழ்ந்த கோந்துவானத்தேரியம் என்னும் பாலூட்டி வகையின் கடைவாய்ப் பற்கள், மாட்டின் பல்லைப்போல் உயர்ந்த முடியுடையன. கரடுமுரடான உணவை அரைத்துத் தேயும் வாய்க்கே அத்தகைய பல் அமையும். அது எதனைத் தின்றிருக்கும்? மராட்டிய மாநிலத்துப் பிசுதுரா என்னும் ஊரில் கல்லாகிக் கிடைத்த தொன்மாச் சாணத்தில் புல்லின் நுண்மணற் கூறுகள் இருப்பதை 2005ஆம் ஆண்டில் கண்டனர். தொன்மாக் காலத்தில் புல் இல்லையென்ற பழங்கருத்து அன்றோடு வீழ்ந்தது. பல்லும் சாணமும் சேர்ந்து அக்காலத்து மேய்ச்சல் நிலத்தை நம் கண்முன் விரிக்கின்றன.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மெக்சிகோப் பகுதியில் மோதியது. தக்கணத்தில் எரிமலைக் குழம்பும் அக்காலத்தை ஒட்டிப் பெருக்கெடுத்தது. பேருயிர்கள் மாய்ந்தன, தொன்மா வழியில் பறவைகள் மட்டுமே எஞ்சின. சிறிதுண்டு, ஒளிந்து வாழ்ந்த பாலூட்டிகளில் சில பிழைத்தன. அவற்றின் வழிவந்தவையே நம் ஆனிரையும், இம்மலைக்காடுகளில் உலவும் யானையும், நாமும்.

மடகாசுக்கரும் நாமும்

நம் இயக்கத்தார்க்கு நான் சொல்லியே தீரவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மடகாசுக்கர்த் தீவில் வாழும் இலெமூர் என்னும் பாலூட்டியின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, இரண்டையும் இணைத்த ஒரு நிலம் கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என 1864ஆம் ஆண்டில் பிலிப்பு சுகுலேட்டர் கருதினார். அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். அப்பெயரை நம்மவர் நம் இலக்கியம் கூறும் கடல்கோளோடு இணைத்துப் பேசி வருகின்றனர்.

எலும்பும் பல்லும் இதுபற்றி என்ன சொல்கின்றன? கல்லமேட்டில் கிடைத்த 'கூர்மதெமிசு' என்னும் ஆமைக்கு நெருங்கிய உறவினம் மடகாசுக்கரில் கிடைத்துள்ளது. தழையுண்ட 'சிமோசூக்கசு' என்னும் மடகாசுக்கர் முதலையின் பல்லை ஒத்த பற்கள் கல்லமேட்டிலும் கிடைத்தன. ஆகவே, இந்தியாவுக்கும் மடகாசுக்கருக்கும் தொடர்பு இருந்தது உண்மை. ஆனால் அத்தொடர்பு இடையில் நிலமொன்று மூழ்கியதால் அற்றதன்று. இரண்டும் ஒட்டியிருந்த ஒரே நிலம், ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிளந்து, இந்தியா வடக்கே நகர்ந்தது. நிலத்தட்டுகளின் நகர்ச்சியை அறிந்தபின், மூழ்கிய பெருநிலம் என்னும் கருத்தை நிலவியலார் கைவிட்டனர்.

அப்பிளவு நிகழ்ந்தபோது மாந்தன் இல்லை. நம் மாந்தஇனத்தின் அகவையே ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுதான். இலக்கியம் கூறும் கடல்கோள் மாந்தர் வாழ்ந்த காலத்துச் செய்தி. அதனை ஆராய வேண்டிய வழி வேறு. கல்லமேட்டு ஆமையையும் முதலையையும் அதற்குச் சான்றாக இழுத்துவரல் ஆகாது. பகைவன் எளிதில் உடைக்கக்கூடிய சான்றை நாமே அவன் கையில் கொடுப்பது அறிவுடைமையா?

நமக்குச் சான்றுப் பஞ்சம் இல்லை. இக்கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளைக்கொண்டு, தமிழ்நிலத்தில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதாக 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. அது அளந்து பெற்ற உண்மை. அளந்து பெற்ற 4,200 ஆண்டு, அளவாமல் சொல்லும் கோடி ஆண்டினும் பெரிது.

நாம் செய்ய வேண்டியது

அரியலூர்ப் பாறை சுண்ணாம்புக்கல் நிறைந்தது. ஆகவே, அங்கே பைஞ்சுதை ஆலைகள் பல எழுந்தன. கல் வெட்டும் சுரங்கமே புதைபடிவத்தை வெளிக்கொணர்கின்றது. அதுவே அதனை அரைத்துத் தூளாக்கவும் செய்கின்றது. உத்தனப்பள்ளி வட்டாரத்து இளைஞர்கள் பலர் பொறிகளோடும் கல்லோடும் மண்ணோடும் தொழில் செய்பவர்கள். நாளை அவர்களுள் எவரும் வேலையின் பொருட்டு அந்நிலத்திற்குச் செல்லக்கூடும். அவர்கட்குச் சொல்கின்றேன்: வழக்கத்திற்கு மாறான வடிவம் ஒன்று மண்ணில் தென்பட்டால் அதனைப் பெயர்க்காதீர்கள், விற்காதீர்கள், கழுவாதீர்கள். கிடந்த இடத்திலேயே ஒளிப்படம் எடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு பொருளை வையுங்கள். இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, நிலவியல் ஆசிரியர்க்கோ, இந்திய நிலவியல் அளவைத் துறைக்கோ, அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்கோ தெரிவியுங்கள். இடம் அறியப்படாத எலும்பு முகவரியற்ற மடல் போன்றது. படிக்கலாம், யாருக்கு, எங்கிருந்து என்று தெரியாது.

மற்றொன்று. கேட்டதையெல்லாம் பரப்பாதீர்கள். 2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, 'தொன்மா முட்டை' என்று ஊரெல்லாம் செய்தி பரவியது. ஆய்ந்து பார்த்தவர்கள், அவை முட்டையல்ல, அம்மோனைட்டு என்னும் கடலுயிரை மையமாகக்கொண்டு படிந்து திரண்ட கற்கள் என்றனர். அம்மோனைட்டும் அரியதே, கடல் இருந்ததற்குச் சான்றே. உண்மையே போதிய அளவு வியப்பாயிருக்கையில் பொய் எதற்கு?

இறுதியாக, இவ்வறிவைத் தமிழில் எழுதுங்கள். புதைபடிவம், தொன்மா, பாலூட்டி, கணைக்கால் எலும்பு, கடைவாய்ப்பல், வளர்ச்சிக் கோடு ஆகிய இச்சொற்களைக் கொண்டே இவ்வளவு நேரம் பேச முடிந்தது. சொல் இருக்கின்றது, எழுதுவோர்தாம் வேண்டும். கல்லமேட்டைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கல்லமேட்டுச் சிறுவன் தன் ஊரின் பெருமையைத் தன் மொழியில் படிக்க முடியாத நிலை நீடிக்குமாயின், நாளை அவன் காலடியில் கிடைக்கும் எலும்பை அவன் எவ்வாறு அறிவான்? அறியாதவன் எவ்வாறு காப்பான்?

பேருடல் தொன்மாவின் எலும்பை நாம் இழந்தோம். இனியொன்றை இழவாதிருப்போம். எலும்பைக் காப்போம், நேர்மையாகப் படிப்போம், படித்ததைத் தமிழில் எழுதுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!